நாலாம் முனைக்கு இரண்டு வழி

எட்டு வருடங்களாக அவள் தன் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை நிறுத்திவைத்த காருக்குள் கழித்தாள்.

கடலோரத் தேசியப் பூங்காவின் கீழ் பார்க்கிங்கில், டிக்கெட் கூண்டுக்கு எதிரே, வேலியை ஒட்டி ஓர் இடம். கணவர் எப்போதும் அங்கேதான் வண்டியை நிறுத்துவார். ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்குவார். தண்ணீர் பாட்டிலை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பார். தொப்பியை மாட்டிக்கொண்டு, "ரெண்டு மணி நேரம். வந்துடுவேன்" என்பார். வேலிக்கு அப்பால் படிகள் ஆரம்பிக்கும். நானூற்றுப் பன்னிரண்டு படிகள். எண்ணிச் சொன்னவர் அவர்தான். படிகளின் முடிவில் நாலாம் முனை. அங்கே நின்றால் மூன்று பக்கமும் கடல் என்று பூங்காவின் துண்டுத்தாளில் போட்டிருந்தது. கார் நின்ற இடத்திலிருந்து கடல் தெரியாது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் சத்தம் மட்டும் கேட்கும்.

அவர் நில அளவைத் துறையில் சர்வேயர். அளவு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. வீட்டுக்கு அலமாரி வந்து இறங்கினால், கூலியாட்களை வாசலிலேயே நிற்கவைத்து டேப்பை விரிப்பார். "கடைக்காரன் சொன்னதை விட ரெண்டு மில்லி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவார். மற்றபடி பேச்சு குறைவு. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட கையை நீட்டிக் காட்டுவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். அவள் அதைக் குறையாக நினைத்ததில்லை. குடிக்கிறவர், கத்துகிறவர், கை நீட்டுகிறவர் என்று அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு குற்றமா?

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. மடிப்பு மேசைக்கு அவள்தான் பொறுப்பு. வார்டுகளுக்குப் போகும் விரிப்புகள், அறுவை அரங்கின் பச்சைத் துணிகள் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகும். கணவருக்கு இந்த ஊருக்கு மாற்றலாகி இவளும் வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். முட்டிச் சில்லு இரண்டாகப் பிளந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைகள். கடைசியாகப் பார்த்த டாக்டர் தெளிவாகவே சொன்னார்:

"சமதரையில எவ்வளவு வேணும்னாலும் நடங்க. நடந்தாதான் நல்லது. படி, ஏத்தம் மட்டும் வேண்டாம்."

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டாள். "இங்க ஏதோ பூங்கா இருக்காமே. கடலோரமா நடக்கலாம்னு சொல்றாங்க. போலாமா?"

"அங்க எல்லாமே ஏத்தம்தான்" என்றார் அவர். "ஏழு முனை இருக்கு. ஏழும் அப்படித்தான். நான் மேப் பாத்துட்டேன்."

சர்வேயர் ஏற்றம் என்றால் ஏற்றம்தான். அவளே கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அப்ப நீங்க நடந்துட்டு வாங்க. நான் வண்டியில உக்காந்திருக்கேன். வீட்டுல தனியா சுவத்தைப் பாத்துட்டு இருக்கறதுக்கு அது தேவல."

இப்படித்தான் அது ஆரம்பித்தது.

காரில் அவள் பட்டாணி உரிப்பாள், மகளோடு போனில் பேசுவாள், கிழிந்த பாவாடைக்குத் தையல் போடுவாள். டிக்கெட் கூண்டுப் பெண்மணி இரண்டு முறை மாறிவிட்டாள். மூன்று பேரோடும் பழக்கம். அவர் திரும்பி வரும்போது சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும். முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். வண்டி பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் அது அணைந்துவிடும்.

"எப்படி இருந்துச்சு?"

"காத்து ஜாஸ்தி."

இன்னொரு வாரம், "மேகம்." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் திங்கட்கிழமை மடிப்பு மேசையில் அரை மணி நேரம் பேசுவாள். மேகம் மலையை எப்படி மூடியது, காற்றில் தொப்பி எப்படிப் பறக்கப் பார்த்தது என்று அவளாகவே சேர்த்துக்கொள்வாள். "உங்க வீட்டுக்காரர் நல்லா வர்ணிப்பார் போல" என்பார்கள். அவளும் தலையாட்டுவாள்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் ரோடு. 'பொதுமக்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு போர்டு நின்றது. ஒரு வருடம் கழித்து அந்தப் போர்டைக் காணவில்லை.

"போர்டு இல்லையே, பாத்தீங்களா?"

"காத்துல விழுந்திருக்கும். ரூல் அதேதான்" என்று சொல்லி வலது பக்கம் திருப்பினார்.

சலவைக்கூடத்தின் கொதிகலன் ஒரு திங்கட்கிழமை படுத்துவிட்டது. ஆவி இல்லாமல் எந்த மெஷினும் ஓடாது. சரி செய்ய மூன்று நாளாகும் என்றார்கள். துணியெல்லாம் வெளியூர் சலவைக்கூடத்துக்குப் போனது. கண்காணிப்பாளருக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, "வருஷத்துல ஒரு நாளாவது நாம வெளிய போவோம்" என்று ஆஸ்பத்திரி வேனையே ஏற்பாடு செய்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை பதினான்கு பேர் ஏறினார்கள். எங்கே என்று கேட்டதற்குப் பூங்கா என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பார்க்கிங்கின் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்தவள் வெண்கலம். பெரிய உருளை இஸ்திரி மெஷினில் நிற்பவள். இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவள் தொண்டை வெண்கல மணியாகி, பெயரும் அதுவே ஆகிவிட்டது. அவள் ரகசியம் சொன்னால் பிணவறையில் இருப்பவர்களுக்கும் கேட்கும் என்பார்கள்.

பூங்காவுக்குள் போனதும் வேன் இடது பக்கம் திரும்பியது.

"அய்யோ, இது லைட்ஹவுஸ் ரோடாச்சே. பொதுமக்கள் போகக் கூடாதே" என்றாள் அவள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "யாருங்க சொன்னா? ஏழு வருஷமா எல்லாரும் இதுலதானே போறாங்க. வேலை வெட்டி இல்லாதவங்கதான் அந்தப் பக்கம் படி ஏறுவாங்க."

ரோடு வளைந்து வளைந்து ஏறி ஓர் அகலமான பார்க்கிங்கில் முடிந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

"நீங்க போங்க. நான் வேன்லயே இருக்கேன். முட்டி கேக்காது."

"ஏறணும்னா நான் வந்திருப்பேனா அக்கா? என் உடம்பைப் பாருங்க" என்றாள் வெண்கலம். "இறங்குங்க. சிமென்ட் தரை. நம்ம வார்டு வராந்தா மாதிரி இருக்கு."

வார்டு வராந்தாவைப் போலத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி. வழியெங்கும் பெஞ்சுகள். முன்னால் ஒரு பெண் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் இவள் தன் கைத்தடியை ஊன்றி நடந்தாள். முட்டி ஒரு முணுமுணுப்புகூட முணுமுணுக்கவில்லை. ஏழு நிமிடம். பாதை திரும்பியது. எதிரே மரம் இல்லை, மண் இல்லை, ஒன்றும் இல்லை. கடல்தான்.

நாலாம் முனை என்று கல்லில் வெட்டியிருந்தது.

கரையோரம் தண்ணீர் பச்சையாக இருந்தது. அதற்கப்பால் யாரோ கோடு கிழித்ததைப் போல ஒரேயடியாகக் கருநீலம். பாறையில் மோதும் நுரை அவ்வளவு கீழே இருந்ததால் அசையாமல் நிற்பதைப் போலத் தெரிந்தது. பறவைகள் அவள் காலுக்குக் கீழே பறந்தன. பறக்கும் பறவையின் முதுகை அவள் அதுவரை பார்த்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். முதலில் வந்தது சந்தோஷம்தான். அவர் ஒரு தடவைகூட இந்தப் பறவைகளைப் பற்றிச் சொல்லவில்லையே என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஓரமாகத் தகரக் கூரை போட்ட டீக்கடை. வெண்கலம் இரண்டு டீ சொன்னாள். கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருந்தது. 'ஞாயிறு நடைக் குழு' என்று கீழே எழுதியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் நின்றவர் இரண்டு பக்கமும் இருந்தவர்களின் தோளில் கை போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொப்பியை அவள்தான் துவைப்பாள்.

"அந்த நடுவுல இருக்கறவரு யாருங்க?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

கடைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அவரா? சர்வேயர் சார். அவர் வந்துட்டா கடையே கலகலன்னு ஆயிடும். வாயைத் திறந்தா ஜோக்குதான். குழுவுக்கே அவர்தான் உயிர். இங்கேருந்து அஞ்சாம் முனை வரைக்கும் எல்லாரையும் சிரிக்க வெச்சே கூட்டிட்டுப் போயிட்டு வருவார்." டீயை நீட்டியபடியே குரலைத் தாழ்த்தினார். "ஆனா மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுங்களா? சம்சாரம் படுத்த படுக்கையாம். எட்டு வருஷமா. எழுந்து உக்காரக்கூட முடியாதாம். எல்லாம் இவர்தான் பாக்கறார். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பக்கத்து வீட்டுல யாரையோ உக்கார வெச்சுட்டு வருவாராம். அந்த ரெண்டு மணி நேரம்தான் அவர் மூச்சு விடறதே. வேற ஒருத்தரா இருந்தா எப்பவோ விட்டுட்டு ஓடியிருப்பாங்க."

வெண்கலத்தின் கையிலிருந்த டீ தளும்பிக் காலில் கொட்டியது. அவள் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த முகம் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?" என்றார் கடைக்காரர்.

"எங்கேயோ பாத்த மாதிரி இருந்துச்சு" என்றாள் அவள்.

கடையை ஒட்டிப் பூங்காவின் வரைபடம் நின்றது. ஏழு முனைகள். அவற்றில் நான்குக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியின் படம் போட்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டு, நாலு, ஐந்து, ஆறு.

"அக்கா" என்றாள் வெண்கலம். வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கிசுகிசுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

வீட்டில் அவள் நான்கு நாள் ஒன்றும் பேசவில்லை. தான் எங்கேயோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாள். வேறொரு சர்வேயராக இருக்கலாம். தொப்பி ஒரே மாதிரி எத்தனை இல்லை? அவர் வழக்கம்போல வந்தார், சாப்பிட்டார், கையை நீட்டி உப்புக் கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு எந்த முனை?"

"நாலு."

"ரொம்ப ஏத்தமா?"

"நானூத்திப் பன்னண்டு படி. உனக்குத்தான் தெரியுமே."

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அவளுக்கு வேறு வழி எதுவும் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரோடு பிரியும் இடம் வந்ததும், "இடது பக்கம் திருப்புங்க" என்றாள்.

அவர் பிரேக் போட்டார். "என்னது?"

"லைட்ஹவுஸ் ரோட்டுல போங்க."

"அது..."

"போர்டு காத்துல விழுந்துடுச்சு. ஏழு வருஷம் ஆச்சு."

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. இடது பக்கம் திருப்பினார். மேலே போய் ஒரு மூலையில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"யாரு சொன்னா?" என்றார்.

"செவ்வாக்கிழமை வந்தேன். வேலை இடத்துலேருந்து கூட்டிட்டு வந்தாங்க. ஏழு நிமிஷம் நடந்தேன். சிமென்ட் தரை."

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் பொய் சொல்லல. கீழேருந்து வந்தா ஏத்தம்தான்."

"ஏழும் ஏத்தம்னீங்க. மேப் பாத்துட்டேன்னீங்க."

"அப்ப இந்த ரோடு திறக்கல."

"திறந்தப்புறம்?"

அவள் காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"உன்கிட்ட எனக்கு ஒரு கோபமும் இல்ல" என்று கடைசியில் ஆரம்பித்தார். "நீ ஒரு தப்பும் பண்ணல. ஆபீஸ்ல நாள் பூரா தகராறு. அவன் வேலி இவன் நிலத்துல, இவன் கிணறு அவன் நிலத்துல. வீட்டுக்கு வந்தா நீ முட்டியத் தடவிட்டு உக்காந்திருப்ப. இங்க வந்தா யாருக்கும் என்னைத் தெரியாது. நான் வேற ஆளா இருந்தேன். அந்த ரெண்டு மணி நேரம் எனக்குன்னு இருந்துச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. நான் வீட்டுலயே இருந்திருப்பேனே."

"நீ குடுத்து நான் வாங்கினா அது எப்படி எனக்குன்னு ஆகும்?"

இதை அவர் அவ்வளவு நிதானமாக, ஓர் எல்லைக்கல்லை ஊன்றுவதைப் போலச் சொன்னார். அவள் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"என்னை எதுக்குப் படுக்கையில போட்டீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அதுவும் தெரிந்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அது... யாரோ கேட்டாங்க, சம்சாரத்தக் கூட்டிட்டு வரலாமேன்னு. நடக்க முடியாதுன்னு சொன்னேன். அவங்களா அதைப் பெரிசாக்கிட்டாங்க. நான் இல்லேன்னு சொல்லல. அதுக்கப்புறம் எல்லாரும் என்மேல அவ்வளவு பிரியமா இருந்தாங்க. மாத்திச் சொல்ல வாய் வரல."

யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். நரைத்த தலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக ஒரு பெண்மணி குனிந்து பார்த்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று பிற்பாடு தெரிந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர்.

"என்ன சார், அதிசயமா வண்டியிலேயே மேல வந்துட்டீங்க! முட்டி தேஞ்சு போச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். "இவங்க யாரு?"

அவள் கணவரைப் பார்த்தாள். இந்த ஒரு நொடியில் அவர் என்ன சொல்கிறாரோ அதை வைத்து எட்டு வருடத்தையும் மன்னித்துவிடலாம் என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றியது. அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"இவங்க... சொந்தக்காரங்க. ஊர்லேருந்து வந்திருக்காங்க."

தலைமையாசிரியை கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனசு என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. "ரொம்ப சந்தோஷம்மா. நீங்க கொஞ்ச நாள் இருப்பீங்கதானே? அந்தம்மாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க. சார் ஒத்தை ஆளா எவ்வளவுதான் செய்வார்? வெளியில சிரிச்சுட்டு இருக்கார். உள்ளுக்குள்ள என்ன பாடோ."

"சரிங்க" என்றாள் அவள். "இனிமே அவங்களை நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு அவரும் குழுவோடு நடந்தார். ஆனால் ஜோக் எதுவும் வரவில்லை. வீட்டில் ஏதாவது மோசமோ என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவள் நாலாம் முனையின் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பூங்கா பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

மகளிடம் இதைச் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் ஆனது. மகள் வேறு ஊரில் வேலை. மத்தியான இடைவேளையில், துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனில் சொன்னாள்.

"கேக்குதா?"

"கேக்குதும்மா." மகள் பெருமூச்சு விட்டாள். "மேல பார்க்கிங் இருக்கறது எனக்குத் தெரியும்மா."

"எப்படி?"

"ரெண்டு வருஷம் முன்னாடி என் ஃபிரண்ட்ஸோட வந்தேன்ல, அப்ப போனோம். அப்பாகிட்ட கேட்டேன். அம்மாக்கு வண்டியில உக்காந்து ஊர்க்கதை பேசறதுதான் பிடிச்சிருக்கு, நீ ஒண்ணும் கிளப்பி விடாதன்னார். நானும் சரின்னு விட்டுட்டேன். உனக்கு நிஜமாவே பிடிச்சிருந்த மாதிரிதாம்மா இருந்துச்சு."

"ஆமா" என்றாள் அவள். "அப்படித்தான் இருந்திருக்கும்."

"அப்பாவும் பாவம்மா. பேசித் தீத்துக்கோங்க. இந்த வயசுல போய்..."

எந்த வயதில் என்று அவள் கேட்கவில்லை. மடிப்பு மேசை காத்திருந்தது.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை விடுமுறை கிடைத்தது. வியாழக்கிழமைகளில் தனியாகப் பூங்கா பஸ்ஸில் போனாள். இரண்டாம் முனைக்கு ஒரு மரப்பாலத்தின் மேல் நடக்க வேண்டும். ஐந்தாம் முனையிலிருந்து பார்த்தால் உடைந்த கப்பல் ஒன்றின் விலா எலும்புகள் மணலில் குத்திட்டு நிற்பது தெரியும். ஒன்றாம் முனை நிஜமாகவே செங்குத்து. பாதி வழியில் முட்டி வீங்கித் திரும்பி வந்தாள். அவர் சொன்னதில் அது மட்டும் உண்மை. இவ்வளவு அழகான இடங்களில் நிற்கும்போதும் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. மகள் கர்ப்பமாக இருந்தபோது கூட்டி வந்திருக்கலாம். தங்கை உயிரோடு இருந்த கடைசி வருடம் அவளையும் அழைத்து வந்திருக்கலாம். அவள் கடல் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். ஏற்றம், நம்மால் முடியாது என்று இவள்தான் சொன்னாள்.

வீட்டில் இருவரும் கேஸ் சிலிண்டரைப் பற்றியும் தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். அவர் நாலைந்து வாரம் எங்கும் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பியை எடுத்தார். அவள் தடுக்கவில்லை. அவளுக்கு அன்றைக்கு டியூட்டி.

நான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஆறாம் முனையில், அவள் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தபோது, "நீங்க சர்வேயர் சாரோட சொந்தக்காரங்கதானே?" என்று ஒரு குரல் கேட்டது. தலைமையாசிரியை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பேத்தியைக் கைப்பிடிப் பக்கம் விளையாட விட்டுவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே பிடி.

"விஷயம் கேள்விப்பட்டு எங்க எல்லாருக்கும் மனசே சரியில்லம்மா."

"என்ன விஷயம்?"

"சாரோட சம்சாரம் தவறிட்டாங்களே. போன மாசம்." தலைமையாசிரியையின் கண் கலங்கியது. "வீட்டுக்கு வரோம்னு எவ்வளவோ சொன்னோம். வேண்டாம்னுட்டார். குழுவுல எல்லாரும் அஞ்சு நிமிஷம் நாலாம் முனையில நின்னு மௌனமா இருந்தோம். சார் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் பாத்ததில்ல. நீங்க கடைசியில கூட இருந்தீங்களா? ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

டப்பாவின் மூடி அவள் மடியில் இருந்தது. காற்று அதைத் தள்ளப் பார்த்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் இந்த நல்ல மனுஷியின் முகம் எப்படி மாறும் என்பதை அவளால் பார்க்க முடிந்தது. அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"கூடத்தான் இருந்தேன்" என்றாள். "ஒண்ணும் தெரியாமயே போயிட்டாங்க."

"புண்ணியவதி" என்றாள் தலைமையாசிரியை.

சாயங்காலம் அவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் எந்தத் தேதியில செத்தேன்?"

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"சொல்லுங்க. தேதி சொன்னீங்கன்னா அன்னைக்கு நான் டியூட்டியில இருந்தேனான்னு பாத்துடலாம்."

"அவங்க பாக்க வரேன்னு நின்னாங்க" என்றார். "நர்ஸ் ஏற்பாடு பண்றோம்னாங்க. முகவரி கேட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"அழுதீங்களாமே."

"நடிக்கல." அவர் அடுப்பை அணைத்தார். குரல் உடைந்திருந்தது. "அங்க நின்னு சொன்னதும் நிஜமாவே அழுகை வந்துடுச்சு. ஏன்னு எனக்கே தெரியல."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவளுக்காக அவர் அழுதது அந்த ஒரு தடவைதான். அதையும் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது எதிரே உயிரோடு நிற்கிறாள். அந்த மனிதர் டீ வடிகட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பில் வெண்கலத்துக்கு ஓர் அறை. கூட இருந்தவள் கல்யாணமாகிப் போனதில் ஒரு கட்டில் காலி. அடுத்த திங்கட்கிழமை அவள் இரண்டு பைகளோடு அங்கே போய்ச் சேர்ந்தாள். அவர் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, "குளிருக்குப் போர்வை எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். எடுத்திருந்தாள்.

அறை முதல் மாடியில். பதினெட்டுப் படிகள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறினாள். மேலே நின்றுகொண்டு, "மெதுவா அக்கா, யாரும் துரத்தல" என்று வெண்கலம் கத்தியதில் நான்கு கதவுகள் திறந்தன.

மகள் அன்றைக்கு மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா இது? நாலு பேர் கேட்டா அப்பா என்ன சொல்வார்?"

"அவருக்கு ஏதாவது தோணும்" என்றாள் அவள். போனைத் தோளில் இடுக்கியபடி மெத்தை விரிப்பின் மூலைகளை இழுத்துச் செருகினாள். சலவைக்கூடத்து விரிப்புதான். நன்றாக வெளுத்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் மடிப்பு கோணலாக விழுந்திருந்தது. அதைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.